கிணறும் பெற்றோலும்: ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியை எப்போது நம்பலாம்?

கிணற்று நீரில் எரிபொருள் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும். உள்ளதைக் குறைத்துக் காட்டும். போத்தலுக்குள் காற்றுக்குமிழி இருந்தால், பெற்றோலிலுள்ள எளிதில் ஆவியாகும் நச்சுச் சேர்மமான பென்சீன் நீரை விட்டு அதற்குள் ஏறிவிடும். வாளியைத் தொப்பென்று விட்டு அலசி எடுத்தால் காற்றோடு போய்விடும். ஐஸ் உருகிய பெட்டியில் இரண்டு நாள் கிடந்தால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பொருந்தாத சோதனையைக் கேட்டிருந்தால் ஆய்வுகூடத்து அடுப்பிலேயே ஆவியாகிவிடும். எல்லாம் முடிந்து கைக்கு வரும் தாளில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருக்கும். அதை நம்பி ஒரு வீட்டில் உலை வைப்பார்கள். கூடுதலாகக் காட்டிய அறிக்கையைச் சந்தேகித்து யாராவது மறுபடி பார்ப்பார்கள். குறைவாகக் காட்டியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதிரி எடுப்பவர் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

மூக்கையும் நம்ப முடியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்குத் தரும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். தண்ணீரில் பென்சீன் மணக்கத் தொடங்குவதோ லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமில். ஆயிரம் மடங்கு இடைவெளி. பெற்றோல் வாசம் என்று நாம் பிடிப்பது அதிகமும் தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் போன்றவற்றின் வாசம். அவை மண்ணில் ஒட்டி ஒட்டிப் பிந்தி வரும். பென்சீன் முந்திக்கொண்டு ஓடும். ஆகவே முதலில் வந்து சேரும் ஆபத்துக்கு வாசமே இருக்காது.

கொழும்பில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய்நீர் உண்டு. ஆனாலும் வெட்டுக்கிணறுகளை எல்லோரும் மூடிவிடவில்லை. உடுப்புத் தோய்க்க, குளிக்க, நீர்வெட்டு நாட்களில் சமைக்கவும்கூட அவை பயன்படுகின்றன. எரிபொருளும் வீடுகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக் களஞ்சியத்துக்குக் குழாய்வழி நகருக்குள்ளால்தான் போகிறது. கொலன்னாவை, ஒருகொடவத்தைத் தாங்கிகள் 1995 ஒக்டோபரில் தாக்கப்பட்டு எரிந்தன. இப்படிப்பட்ட பழைய இடங்களின் மண்ணுக்கு நீண்ட கணக்கு உண்டு. ஆனால் பெரிய கசிவு ஊருக்கே தெரிந்துவிடும். அயல் கிணற்றைச் சத்தமில்லாமல் கெடுப்பது சின்னக் கசிவுதான்: பெற்றோல் ஷெட்டின் கீழே துருப்பிடித்த தாங்கி, தளர்ந்த குழாய் மூட்டு, பவுசர் இறக்கும்போது வழிந்தது, கராஜில் நிலத்தில் ஊற்றிய கழிவெண்ணெய், அடுக்குமாடியின் ஜெனரேற்றருக்கு வைத்த டீசல் தாங்கி. களனி கங்கை பெருகி 2016 மேயில் கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளங்களில் இன்னொன்றும் நடக்கலாம். பாதி வெறுமையான நிலத்தடித் தாங்கியை நீர் மேல்நோக்கித் தள்ளும்; தாங்கி அசைந்தால் குழாய் மூட்டு விட்டுக்கொடுக்கும். வெள்ளம் வடிந்து பல மாதங்களுக்குப் பிறகுதான் அது கிணற்றில் தெரியவரும்.

மண்ணைத் தெரியாமல் கிணறு தோண்ட வேண்டாம்

கொழும்பில் ஒரே மாதிரி நிலம் கிடையாது. வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரை ஓரத்தில் மணல். நீர் ஆழமில்லை, நகர்வு வேகம். உள்ளே போனால் கபுக் எனும் செந்நிறக் கல்மண். அதில் துளைகளும் இடுக்குகளும் ஒழுங்கில்லாமல் ஓடுவதால் எண்ணெய் எதிர்பார்த்த வழியில் போகாது. பக்கத்து வளவைத் தாண்டி அடுத்த வளவுக் கிணற்றில் தெரியும். களனிக் கரையிலும் கொலன்னாவைச் சதுப்பிலும் முத்துராஜவெலவிலும் களியும், பாதி மக்கிய தாவரப் படையான முற்றாநிலக்கரியும். களி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். முற்றாநிலக்கரி ஆய்வுகூடத்தையே குழப்பும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெற்றோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. பெற்றோலின் ஒப்படர்த்தி 0.72 முதல் 0.78 வரை, டீசல் 0.82 முதல் 0.86 வரை. கீழே இறங்கி நீர்மட்டத்தில் தங்கி மிதக்கும். அந்த மிதக்கும் படையிலிருந்துதான் பென்சீன் நீரில் கரைந்து நகரும். பெற்றோலில் 1 வீதம் பென்சீன் இருந்தாலே, அதைத் தொட்டு நிற்கும் நீரில் லீற்றருக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் கரையலாம். டீசலில் பென்சீன் மிகக் குறைவு. ஆனால் அதன் பாரமான பகுதி நெடுநாள் நிற்கும்.

மாதிரி எடுக்கவென்றே துளையிடும் கண்காணிப்புக் கிணற்றை அமைக்கும்போது இதையெல்லாம் மனதில் வைக்க வேண்டும். வழக்கமாக 50 மி.மீ. பீ.வீ.சீ. குழாய். நீர் புகும் பகுதியில் 0.25 முதல் 0.5 மி.மீ. வெட்டுகள், சுற்றிலும் 1–2 மி.மீ. கழுவிய மணல், அதற்கு மேல் அரை மீற்றருக்குக் குறையாத பென்ரனைற்று (நீர்பட்டால் வீங்கும் களி) அடைப்பு, பிறகு சீமெந்துக் கூழ், தரைமட்டத்தில் பூட்டுப் போடக்கூடிய மூடி. வெட்டுள்ள பகுதி 3 மீற்றர் என்றால் அது நீர்மட்டத்தைக் கீழும் மேலும் தாண்டி நிற்க வேண்டும். இங்கேதான் கொழும்பு மழை ஆளை ஏமாற்றும். பெப்ரவரி வறட்சியில் நீர்மட்டத்தைப் பார்த்து வெட்டுகளை வைத்தால், ஒக்டோபர், நவம்பர் மழையில் நீர்மட்டம் அவற்றுக்கு மேலே ஏறி நிற்கும். வெளியே மண்ணில் எண்ணெய் மிதக்கும். அந்த உயரத்தில் குழாய் மூடியிருப்பதால் கிணற்றுக்குள் வராது. கிணறு சுத்தம் போலத் தெரியும். ஆகவே அந்த இடத்தில் நீர் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அயலிலுள்ள பழைய வெட்டுக்கிணற்றின் உள்சுவரில் உள்ள கறைகளைப் பார்த்தும், கிணற்றுக்காரரைக் கேட்டும் அறிந்துகொண்டு வெட்டுகளை வைக்க வேண்டும்.

குழாய்களைப் பசை போட்டு ஒட்டக்கூடாது. கடையில் வாங்கும் பீ.வீ.சீ. பசையிலுள்ள கரைப்பான்கள் மாதக்கணக்கில் நீரில் இறங்கி ஆய்வுகூடத்து வரைபில் முகம் காட்டும். புரி போட்டுப் பூட்டும் குழாய்தான் வேண்டும். துளையிடும் கம்பிகளுக்கு எண்ணெயோ கிறீசோ பூசக்கூடாது என்பதை வேலையாட்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அது அவர்கள் கையோடு ஊறிய பழக்கம்.

குறைந்தது மூன்று கிணறுகள், முக்கோணமாக. இரண்டை வைத்து நீர் ஓடும் திசையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று கட்டாயம் நீரோட்டத்தின் மேல்பக்கத்தில், எரிபொருள் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும் ஓர் அடையாளக் கீறல் போட்டு அதன் உயரத்தை மட்டமளவியால் மி.மீ. கணக்கில் எடுக்க வேண்டும். கபுக்கிலும் மணலிலும் நீர்மட்டச் சரிவு மிகச் சிறியது, 2 செ.மீ. பிழையே நீரோட்டத் திசையைத் திருப்பிவிடும். கால்வாய்க்கோ களனிக்கோ கிட்டவென்றால் மழைக்காலத்தில் திசை உண்மையிலேயே மாறும். அதனால் ஒருமுறை கண்ட திசையோடு நின்றுவிடக்கூடாது.

கிணறு முடிந்ததும் உள்ளே உள்ள சேறு போகும்வரை ஏற்றி இறக்கித் தெளிய வைத்து, ஒரு கிழமையாவது ஆறவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும்.

நீர்மட்டம் முதலில், தண்ணீர் பிறகு

எல்லாக் கிணறுகளின் மட்டத்தையும் ஒரே நாளில், முடிந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்தால் முதற்கிணற்றையும் கடைசிக் கிணற்றையும் ஒப்பிட முடியாது. வரிசை எப்போதும் சுத்தமான கிணற்றிலிருந்து மோசமான கிணற்றுக்கு. மூடியைத் திறந்து சில நிமிடம் விட வேண்டும். உள்ளே அடைபட்ட அழுத்தம் வெளியேறி மட்டம் நிலைக்க வேண்டும். திறந்த கணத்தில் எரிபொருள் ஆவியை அளக்கும் ஆவிமானியைக் குழாய் வாயில் பிடித்து வாசிப்பைக் குறித்துக்கொள்ளலாம். கொழும்பின் ஈரப்பதத்தில் அந்தக் கருவியின் விளக்கில் நீராவி படிந்து வாசிப்பு கெடும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தாமல் வெளிச் சூட்டுக்குப் பழகவிட்டு எடுப்பது நல்லது.

மிதக்கும் எண்ணெய் இருக்கலாம் என்றால் சாதாரண நீர்மட்ட நாடா போதாது. எண்ணெயையும் நீரையும் வேறுபடுத்தி ஒலிக்கும் இடைமுக மானி வேண்டும். அது இல்லாத இடத்தில் ஷெட்டில் தாங்கியின் அடிநீரைப் பார்க்கப் பூசும் நீர்ப்பசையை ஒரு நாடாவில் தடவி இறக்கலாம். எண்ணெயில் நிறம் மாறாது, நீரில் மாறும். ஒளிபுகும் பெய்லரை (கயிற்றில் இறக்கி நீர் அள்ளும் குழல்) மெல்ல விட்டு எடுத்தும் படையைக் கண்ணால் அளக்கலாம். பிறகு கணக்கு. எண்ணெய் விளிம்பிலிருந்து 3.42 மீற்றரில், நீர் 3.87 மீற்றரில் என்று வையுங்கள். படையின் தடிப்பு 0.45 மீற்றர். டீசலின் ஒப்படர்த்தி 0.84 என்றால் 0.45 × 0.84 = 0.378. எண்ணெய் அழுத்தாமல் இருந்திருந்தால் நீர் 3.87 − 0.378 = 3.492 மீற்றரில் நின்றிருக்கும். வரைபடத்தில் போட வேண்டியது இந்த 3.49. திருத்தாமல் 3.87 ஐப் போட்டால் எண்ணெய் உள்ள கிணறு பள்ளம் போலத் தெரியும்; எல்லா நீரும் அதை நோக்கி ஓடுவதாகப் படம் பொய் சொல்லும்.

கிணற்றில் 45 செ.மீ. என்றால் மண்ணிலும் 45 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. குழாய்க்குள் எண்ணெய் தேங்கித் தடித்துத் தெரியும். பருவத்தோடும் மாறும். வறட்சியில் மட்டம் இறங்கும்போது மண்ணில் பிடிபட்டிருந்த எண்ணெய் வடிந்து கிணற்றுக்குள் கூடும். மழையில் மட்டம் ஏறும்போது அது மண் துளைகளில் நீருக்கடியில் சிறைப்பட்டுக் கிணற்றில் காணாமல் போகும். காணாமல் போன அதே மாதங்களில் கரைந்த பென்சீன் கூடவும் செய்யலாம். ‘எண்ணெய் போய்விட்டது’ என்று நவம்பரில் எழுதும் அறிக்கையை மார்ச் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும்.

குழாயில் நின்ற நீர் நிலத்தடி நீர் ஆகாது. அது காற்றோடு கலந்து பழசானது. அதை எடுத்துவிட்டுப் புதுநீரைப் பிடிக்க இரண்டு வழி. பழைய வழி மூன்று கொள்ளளவு இறைப்பது: 50 மி.மீ. குழாயில் மீற்றருக்கு 1.96 லீற்றர், நீர் உயரம் 3.5 மீற்றர் என்றால் 6.9 லீற்றர், மும்மடங்கு ஏறத்தாழ 21 லீற்றர். களியில் இந்த முறை சரிவராது. கிணறு வற்றும், பிறகு ஊறும் நீர் மணல் உறையின் ஊடாகச் சொட்டிச் சொட்டி வருகையில் பென்சீனை இழக்கும்.

எனக்கு மெதுவாக இறைக்கும் முறையில்தான் நம்பிக்கை. நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லீ., நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்காமல், பம்பியின் வாய் வெட்டுப் பகுதியின் நடுவில். வெளியேறும் நீரை மூடிய அளவுக்கலத்துக்குள் விட்டு மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று வாசிப்புகளில் பீ.எச். 0.1க்குள், மின்கடத்துதிறன் 3 வீதத்துக்குள், கரைந்த ஒட்சிசன் 10 வீதத்துக்குள், ஒட்சியேற்ற அழுத்தம் 10 மில்லிவோல்ற்றுக்குள் நின்றால் நீர் நிலைத்துவிட்டது. கலங்கல் 10 அலகுக்குக் கீழே வர வேண்டும். கபுக் மண்ணில் அது அடம்பிடிக்கும், அப்போது வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் இங்கேதான் வேகத்தைக் கூட்டுவார். கூட்டினால் சேறு எழும்பும், சேற்றோடு ஒட்டிய எண்ணெயும் வரும்.

பம்பியில் சிறுநீர்ப்பை போல விரிந்து சுருங்கும் வகை சிறந்தது. நீரைத் தள்ளுமே தவிர உறிஞ்சாது. கொழும்பில் நீர் ஆழமில்லாததால் மேலிருந்து உறிஞ்சும் சுருள்பம்பி எளிதாக வேலை செய்யும். ஆனால் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து ஆவியாகும் சேர்மங்கள் குமிழியாகப் பிரியும். வேறு வழி இல்லையென்றால் குழாயைக் குட்டையாக வைத்து, மிக மெதுவாக இறைத்து, எதைக் கொண்டு எடுத்தோம் என்பதைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். குழாய் டெஃப்லோன் உட்பூச்சு உள்ளதாக, கிணற்றுக்கு ஒன்றாக. தோட்டத்து ஹோஸ் வேண்டவே வேண்டாம். அது ஒரு கிணற்றில் பென்சீனை உறிஞ்சி அடுத்த கிணற்றில் துப்பும்.

40 மி.லீ. குப்பி

வேலையின் உயிர் இந்தச் சின்னக் கபிலக் குப்பியில் இருக்கிறது. ஆய்வுகூடம் தரும் குப்பிக்குள் சில துளி ஐதரோக்குளோரிக் அமிலம் ஏற்கனவே இருக்கும். நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்னாமல் தடுக்க, பீ.எச். 2க்குக் கீழே இறக்கவே அது. ஆகவே குப்பியை அலசக்கூடாது, வழிய விடவும் கூடாது. கையுறையை மாற்றுங்கள். அளவுக்கலத்தின் குழாயைக் கழற்றுங்கள். அதன் ஊடாக வந்த நீரைப் பிடிக்கக்கூடாது. வேகத்தை நிமிடத்துக்கு 100 மி.லீ.க்கு இறக்குங்கள். குப்பியைச் சரித்துப் பிடித்து, குழாய் நுனியை உட்சுவரில் தொட வைத்து, நீர் சுவர் வழியே சத்தமின்றி வழிந்து இறங்க விடுங்கள். சளசளவென்று சத்தம் கேட்டால் பென்சீன் போகிறது என்று பொருள். கழுத்து நெருங்கியதும் நிமிர்த்தி, வாய் விளிம்புக்கு மேல் நீர் குமிழ்ந்து நிற்கும்வரை கடைசித் துளிகளை விடுங்கள். மூடியின் உள்வட்டில் டெஃப்லோன் பக்கம் நீரைப் பார்க்க வேண்டும்; மற்றப் பக்கம் சிலிக்கோன், அது பென்சீனைக் குடிக்கும். மூடி இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். குமிழி ஏறினால் அந்தக் குப்பியைத் திறந்து ஊற்றி நிரப்ப முயல வேண்டாம், அமிலம் போயிருக்கும். புதிய குப்பி எடுங்கள். கிணற்றுக்கு மூன்று குப்பி வேண்டும். ஒன்று உடையும், ஒன்று மறுசோதனைக்கு.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீரில் இதே அமிலம் வேறு வேலை செய்யும். காபனேற்றோடு சேர்ந்து நுரைத்துக் குமிழியை உண்டாக்கி, காப்பாற்ற வந்ததே கெடுக்கும். அங்கே அமிலமில்லாத குப்பிதான் எடுத்து 7 நாளுக்குள் சோதிக்க வேண்டும்; அமிலமிட்ட குப்பிக்கு 14 நாள் உண்டு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபாய் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டதை எல்லோரும் அறிவோம். அப்படியொரு வழக்கில் எதிர்த்தரப்புக் கேட்கப்போவது குப்பியில் குமிழி இருந்ததா, ஐஸ் இருந்ததா, கையொப்பம் இருக்கிறதா என்றுதான்.

டீசலுக்கு 1 லீற்றர் கபிலக் கண்ணாடிப் போத்தல். பிளாஸ்ரிக் கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டும். ஏழு நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். பழைய ஷெட் இருந்த இடமென்றால் ஈயத்துக்கும் ஒரு போத்தல்: இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல்தான் நிறுத்தப்பட்டது. அந்தப் போத்தலுக்கான நீரை 0.45 மைக்கிரோமீற்றர் வடியில் வடித்து நைத்திரிக் அமிலம் சேர்க்க வேண்டும்.

எல்லாம் ஐஸ் பெட்டிக்குள், 6 பாகை செல்சியசுக்குக் கீழே, உறையாமல். உறைந்தால் குப்பி வெடிக்கும். ஐஸை இரட்டைப் பையில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மதியத்துக்குள் உருகிய நீரில் ஒட்டுத்தாள்கள் கழன்று மிதக்கும். பேலியகொடையிலிருந்து கொழும்பு 7 வரை வாகன நெரிசலில் பெட்டி வெயிலில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்து ஐஸ் போடுங்கள்.

எதிர்ப் பக்கம் சாயும் பிழைகளும் கொஞ்சம் உண்டு. அழியாப் பேனாவின் மையில் சைலீன் இருக்கலாம். பெயரைப் போல்பொயின்ற் பேனாவால் எழுதுங்கள். ஜெனரேற்றரைக் காற்று போகும் பக்கம், கிணற்றிலிருந்து தூர வையுங்கள். வாகனத்துக்கு எண்ணெய் அடிப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். பெற்றோல் கான் இருக்கும் டிக்கியில் மாதிரிப் பெட்டியை வைக்காதீர்கள். நுளம்புக் களிம்பு, வாசனைத் தைலம் எதுவும் கையில் வேண்டாம். இவற்றைப் பிடிக்கத்தான் வெற்று மாதிரிகள். ஆய்வுகூடத்தில் தூய நீர் நிரப்பித் திறக்காமல் பெட்டியோடு போய் வரும் பயணக் குப்பி ஒன்று. கழுவிய கருவியின் மேல் தூய நீரை ஓடவிட்டுப் பிடித்தது ஒன்று. பத்துக் கிணற்றுக்கு ஒன்று இரட்டை மாதிரி. பயணக் குப்பியில் பென்சீன் வந்தால் அன்றைய முடிவுகள் எதையும் அப்படியே எடுக்க முடியாது.

எந்தச் சோதனை என்று எழுதிக் கேளுங்கள்

‘எண்ணெய், கிறீஸ்’ என்ற சோதனையைத்தான் இங்கே பலரும் கேட்கிறார்கள், மலிவு என்பதால். நீரை ஹெக்சேனில் பிரித்து, ஹெக்சேனைச் சூடாக்கி ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். ஹெக்சேன் ஆவியாகும்போது பெற்றோலும் அதோடு போய்விடும். பெற்றோலில் ஊறிய கிணற்றுக்கும் இந்தச் சோதனை நல்ல பெயர் கொடுக்கும். சமையலறைத் தேங்காயெண்ணெய் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். பெற்றோல் சந்தேகம் என்றால் கேட்க வேண்டியது, சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பில் பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன். டீசல், மண்ணெண்ணெய் சந்தேகம் என்றால் மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன், காபன் எண் வாரியாக. பெற்றோல் ஏறத்தாழ காபன் 4 முதல் 12 வரை, மண்ணெண்ணெய் 9 முதல் 16 வரை, டீசல் 10 முதல் 25 வரை, என்ஜின் எண்ணெய் 20க்கு மேல். எண்ணோடு நிற்காமல் வரைபையும் கேட்டு வாங்குங்கள். நீரிறைக்கும் பம்பியின் எண்ணெய் கிணற்றில் சொட்டியதா, பக்கத்து ஷெட்டா என்ற சண்டையை அந்த வரைபுதான் தீர்க்கும்.

இன்னொரு கேள்வி: ஆய்வுகூடம் காணக்கூடிய ஆகக்குறைந்த அளவு என்ன? பென்சீனுக்கு அது லீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் என்றால், ‘கண்டறியப்படவில்லை’ என்பது 49 ஆகவும் இருக்கலாம். 1 அல்லது அதற்குக் கீழே காணக்கூடிய, அந்தச் சோதனைக்கென்றே தராதர அங்கீகாரம் உள்ள இடத்துக்குக் கொடுங்கள்.

முற்றாநிலக்கரி நிலத்தில் டீசல் எல்லைக்குள் இயற்கைக் கரிமச் சேர்மங்களும் விழும். எரிபொருளே இல்லாத கிணறு மாசு என்று வரும். சிலிக்கா ஜெல் கொண்டு சுத்தப்படுத்தி மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். மேல்பக்கக் கிணற்றிலும் அதே அளவு தெரிந்தால் அது இயற்கைச் சேர்மம்தான் என்ற சந்தேகம் வலுக்கும்.

வெட்டுக்கிணற்றின் மேல் வானவில் நிறம் தெரிகிறது என்று பலர் பதறிப்போய்க் கேட்பார்கள். கபுக் பிரதேசத்தில் இரும்பு கூடிய நீரில் இரும்புப் பற்றீரியாக்களும் இதே மினுக்கத்தைத் தரும். ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். பற்றீரியாப் படலம் கண்ணாடிச் சில்லுகள் போலக் கோணல்மாணலாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலம் கிழிந்த இடத்தை நோக்கி ஓடிவந்து மூடிக்கொள்ளும். பக்கத்தில் செம்மஞ்சள் சளி இருந்தால் பற்றீரியா என்ற எண்ணம் உறுதியாகும். ஆனால் இது படலத்தைப் பற்றியது மட்டும். கரைந்த பென்சீனைப் பற்றிக் குச்சி எதுவும் சொல்லாது.

வீட்டுக் கிணற்றில் மூன்று கொள்ளளவு இறைக்கும் பேச்சே இல்லை. 1.5 மீற்றர் விட்டமும் 2.5 மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 4,400 லீற்றர் நிற்கும். படலம் இருந்தால் அதற்குத் தனிப் போத்தல், வாயை மேற்பரப்பில் கிடையாகத் தொட்டு. கரைந்ததற்கு, மூடிய போத்தலைப் பாரம் கட்டி அரை மீற்றர் இறக்கி அங்கே திறக்க வேண்டும். திறந்த போத்தலை இறக்கினால் படலத்தை வாரிக்கொண்டு போகும். மோட்டர் பூட்டிய கிணறென்றால் மேல்தாங்கிக்கு முன்னுள்ள குழாயில், 15 நிமிடம் ஓடவிட்டு, சல்லடை மூடியைக் கழற்றி, பென்சில் தடிப்பில் ஒழுகவிட்டுப் பிடியுங்கள். மேல்தாங்கியில் விழுந்து தெறித்த நீரில் பென்சீனைத் தேடிப் பயனில்லை. ஆழக் குழாய்க்கிணறு சுத்தமாக வந்தால் அயலிலுள்ள ஆழமில்லாத கிணற்றுக்கு அது சாட்சி ஆகாது. எண்ணெய் மேலேதான் மிதக்கும்.

முதல் ஆண்டில் காலாண்டுக்கு ஒன்று: பெப்ரவரி கடைசி, ஜூன், ஓகஸ்ட் கடைசி, நவம்பர் கடைசி. அளவுகளை எப்போதும் நீர்மட்டத்தோடு சேர்த்து ஒரே தாளில் வரையுங்கள். நீர் ஏறும்போதெல்லாம் பென்சீன் குறைந்தால் அது மழையில் ஐதாவதாக இருக்கலாம், குணமாகிறது என்று கொள்ள முடியாது. நுண்ணுயிர்கள் உண்மையிலேயே தின்கின்றனவா என்று பார்க்க, மாசுள்ள கிணற்றில் கரைந்த ஒட்சிசன், நைத்திரேற்று, சல்பேற்று மேல்பக்கத்தைவிடக் குறைந்திருக்கிறதா, கரைந்த இரும்பும் மெதேனும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

இறைத்த நீரை வடிகானில் ஊற்ற வேண்டாம். மூடிய பீப்பாயில் அடைத்து, முடிவு வந்தபின் உரிய முறையில் அகற்ற வேண்டும். கிணறு திறக்கும் இடத்தில் சிகரெட்டும் கைபேசியும் கூடாது. வெட்டுக்கிணற்றைத் துப்புரவாக்க யாரையும் உள்ளே இறக்க வேண்டாம்: எரிபொருள் ஆவி அடியில் தேங்கும், ஒட்சிசன் இருக்காது, இறங்கியவரைத் தூக்கப் போனவரும் விழுவார்.

முடிவுக்குக் காத்திருக்கும் வீட்டாருக்கு: கொதிக்க வைத்தால் பென்சீன் அடுக்களைக் காற்றுக்குப் போகும், அதைச் சுவாசிப்பதும் கெடுதிதான். குளோரீன் போடுவதால் எதுவும் நடக்காது. அடைத்த குளியலறையில் அந்த நீரில் சுடுநீர்க் குளியலும் வேண்டாம். குழாய்நீரையோ பவுசர் நீரையோ எடுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். கடிதத்தோடு ஆய்வுகூட அறிக்கையை மட்டுமல்ல, நீர்மட்டம், இறைத்த அளவு, நிலைத்த வாசிப்புகள், பெட்டியின் வெப்பநிலை, கைமாறிய நேரங்களும் கையொப்பங்களும் உள்ள களத்தாளின் பிரதியையும் இணையுங்கள்.